ஒரு பிடி உப்பும் ஐந்து அலமாரிகளும்



அழைப்பிதழில் என் தலைப்பு 'அண்மையில் வாசித்த நூல்கள்' என்று அச்சாகியிருக்கிறது. தலைப்பைத் தொலைபேசியில் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அப்படியே அட்டையில் ஏறிவிட்டது. தவறு என்னுடையதுதான். ஆனாலும் அந்தத் தலைப்பை விட்டு நான் விலகவில்லை. கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

31 ஆண்டுகள் கல்லூரி நூலகராக இருந்தவன் நான். நூலகர் என்றால் எந்நேரமும் வாசிப்பவர் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் நாங்கள் அதிகம் வாசிப்பது புத்தகத்தின் முதுகைத்தான். பகுப்பெண் சரியா, ஒட்டிய சீட்டு உரிகிறதா, அலமாரி மாறிப் போயிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். உள்ளே போகும் வாய்ப்பு ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவும் ஒரு விசித்திரமான வழியில்.

எனக்கு இரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே நாளில் வீட்டில் தடை செய்யப்பட்டன. தடை செய்த பொருளின்மேல்தான் மனம் போகும். வாய்க்குக் கிடைக்காததைக் கண்ணுக்காவது காட்டுவோம் என்று உப்பைப் பற்றி எழுதிய நூல்களைத் தேடத் தொடங்கினேன். கிடைத்தவை ஒரே அலமாரியில் இல்லை. டூயி தசமப் பகுப்பில் ஒன்று 894.8111இல் தமிழ்ச் செய்யுளாக இருந்தது. இன்னொன்று 894.8113இல் நாவலாக இருந்தது. ஒன்று 954இல் வரலாறாகவும், ஒன்று 306இல் பண்பாடாகவும் நின்றன. ஐந்தாவது எந்த எண்ணும் இல்லாமல் பழைய புத்தகக் கடையின் தரையில் கிடந்தது. ஐந்தையும் ஆறு மாதத்தில் வாசித்தேன். அந்த ஆறு மாதத்தில் எனக்குத் தோன்றியதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு நூல் வகையும் யாரோ ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறது. அது அந்த ஆசிரியரின் குறையன்று, வகையின் இயல்பு. வெளியே நிற்பவர் யார் என்று அந்த நூலுக்குள் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. அடுத்த அலமாரிக்குப் போனால்தான் தெரியும். ஆகவே நூல்களை வகைப்படி அடுக்கலாம், அடுக்கத்தான் வேண்டும். வகைப்படி வாசிக்கக் கூடாது.

உப்பு என்றதும் ஒரு பழமொழி உங்கள் எல்லாருடைய நாவிலும் வந்து நின்றிருக்கும். அதை நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை.

1. பாட்டு

சங்கப் பாடல்களில் உப்பைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது வண்டி. உமணர் எனப்படும் உப்பு வணிகர்கள் வரிசை வரிசையாக மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியை அருகே நிறுத்திப் பார்க்கலாம். வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கையில் குழந்தையோடு ஒரு பெண் எருதை ஓட்டுகிறாள். குடும்பமே வண்டியில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் இன்னும் ஒரு படி மேலே போய், வளர்ப்புக் குரங்கு ஒன்று சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆக்கி உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். மாடுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். வழியில் பள்ளம் வருமா மேடு வருமா, யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். நீ அந்த அச்சைப் போன்றவன் என்கிறார். ஓர் இளவரசனைச் சிங்கம் என்றோ சூரியன் என்றோ சொல்லாமல், வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கட்டை என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! இன்று காரின் பின்புறத்தில் ஸ்டெப்னி டயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொகுட்டெழினி நினைவுக்கு வருகிறான்.

116ஆம் பாடலும் இந்த வண்டிகளைப் பற்றியதுதான், சொல்லும் சேதி வேறு. பாரியின் மகளிர் அன்று படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளைக் குன்றின்மேல் நின்று எண்ணினார்கள். தந்தை இறந்தபின் ஒரு சிறு வீட்டருகே, குப்பைமேட்டில் ஏறி நின்று, போகிற உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். பாடிய கபிலர் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. குதிரைக்குப் பதில் உப்பு வண்டி என்றாலே வீழ்ச்சி எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உப்பு விற்கும் பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெல்லுக்கு நேர் அளவாக உப்பு என்று தெருவில் கூவிப் போகிறாள். கேட்டுக்கொண்டிருந்த இளைஞன், அவள் மேனியில் உள்ள உப்புக்கு விலை என்ன என்று வம்புக்கு இழுக்கிறான். பண்டமாற்று விகிதம் ஒரு காதல் பாட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் அகப்பாட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு அழகுக்கும் நடுவில் வெளியே நிற்பவர் யார்? விளைத்தவர்தான். பரதவர் உப்பு விளைவிப்பது பாட்டுக்குத் தெரியும். உப்பங்கழியும் உப்புக் குவியலும் நெய்தல் நிலத்தின் காட்சியில் உண்டு. ஆனால் நாள் முழுவதும் உப்புநீரில் நின்ற காலுக்கு என்ன ஆகும் என்பது திணை இலக்கணத்தின் கவலை அன்று. சங்கப் பாட்டில் உப்பு வண்டி ஏறியபின்தான் பேசத் தொடங்குகிறது.

2. நாவல்

வண்டி ஏறுமுன் நடப்பதைத் தெரிந்துகொள்ள ராஜம் கிருஷ்ணனிடம் போக வேண்டும். கரிப்பு மணிகள் நாவலை அவர் 1970களின் இறுதியில் எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளிகளோடு பேசிப் பழகி எழுதிய நாவல். குறிஞ்சித் தேன் எழுத நீலகிரிக்கும், முள்ளும் மலர்ந்தது எழுதச் சம்பல் பள்ளத்தாக்குக்கும் போனவர் அவர். அறையில் உட்கார்ந்து கதை கட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

பொன்னாச்சி என்ற பெண் அளத்து வேலைக்குப் போகிறாள். பாத்தி, வாருபலகை, தட்டுமேடு, அம்பாரம் என்று தொழிலின் சொற்கள் கதைக்குள் இயல்பாக வருகின்றன. அவற்றுக்கு விளக்கம் தருவதற்காக ஆசிரியர் கதையை நிறுத்துவதில்லை. பொன்னாச்சி கற்றுக்கொள்ளும் வேகத்தில் நாமும் கற்றுக்கொள்கிறோம். வெண்மையான பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை என்ன செய்கிறது, உப்புநீர் கால் விரலிடுக்கில் எப்படிப் புண்ணாகிறது, பெண்களிடம் கங்காணி எந்த அதிகாரத்தில் பேசுகிறான் என்பதெல்லாம் நம் தோலில் படுகிறது. பாட்டில் கூவி விற்றவளின் வளையொலி கேட்டது. இங்கே அவளுக்கு முன்னால் நின்றவளின் இருமல் கேட்கிறது.

நாவலின் பிற்பகுதி எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை விட்டுவிட்டு நம்மோடு பேசத் தொடங்குகிறார்கள். கள ஆய்வுக் குறிப்பேடு கதையின் தையலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆனால் குறிப்பேடே இல்லாமல் எழுதப்பட்ட நூறு நேர்த்தியான நாவல்களை நான் அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். இன்று அவற்றில் பலவற்றின் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை. பொன்னாச்சி நினைவில் இருக்கிறாள்.

நாவல் வெளியே நிறுத்தியது ஓர் ஆளை அன்று, தண்ணீரை. அது எனக்கு மூன்றாவது நூலில்தான் தெரிந்தது.

3. அட்டை இல்லாத கையேடு

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலத் தொழில்நுட்பக் கையேடு இது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டன. பெயரும் தெரியாது, ஆசிரியரும் தெரியாது. உப்பு உற்பத்தியாளருக்காக எழுதப்பட்டது என்பது மட்டும் உள்ளே பார்த்தால் தெரிகிறது. இருபது ரூபாய் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடல்நீர் நூறு கிலோவில் சுமார் மூன்றரைக் கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்புகள் என்று பன்மையில் சொல்கிறேன். நாம் சோற்றில் போடும் உப்பு அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் சார்ந்தவை. தண்ணீர் வற்ற வற்ற இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை, வரிசையில் வருகின்றன. அந்த வரிசையைக் கவனிப்பதுதான் உப்புத் தொழில். நீரின் அடர்த்தியை அளக்க மிதக்கும் கண்ணாடி மானி ஒன்று உண்டு. அளவு போமே பாகையில் இருக்கும். அளத்தில் எல்லாரும் 'டிகிரி' என்கிறார்கள். கடல்நீர் மூன்று டிகிரி அளவில் தொடங்கும். பதின்மூன்றைத் தாண்டினால் ஜிப்சம் படியும். இருபத்தைந்தை எட்டும்போது நம் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். காற்றில் வைத்தால் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்து வெளியேற்ற வேண்டும்.

இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள் என்பது சிறிய இடைவெளி. இதைப் படித்த இரவே கரிப்பு மணிகளை மீண்டும் எடுத்தேன். முதல் வாசிப்பில் கங்காணியின் அவசரம் எனக்கு வெறும் கொடுமையாகத் தெரிந்தது. இப்போது அந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு மானி மிதப்பது தெரிந்தது. பாத்தி காத்திருக்காது. வெயில் ஏற ஏற நீர் கெட்டிப்படும், உப்பை வாரியாக வேண்டும். மழை ஒன்று விழுந்தால் பூத்ததெல்லாம் கரைந்து போகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் தூத்துக்குடியில் பருவமே முடிந்துவிடும், கூலியும் நின்றுவிடும்.

இது கங்காணியை நியாயப்படுத்துமா என்றால், படுத்தாது. மானி சொல்வது 'சீக்கிரம்' என்பதை மட்டும்தான். செருப்பு இல்லாமல், குடிநீர் இல்லாமல், நிழல் இல்லாமல் என்று அது சொல்லவில்லை. இயற்கை வைத்த கெடு எது, மனிதர் வைத்த கொடுமை எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு நூல்களும் தேவைப்பட்டன. நாவல் மட்டும் இருந்தால் எல்லாம் கொடுமை; கையேடு மட்டும் இருந்தால் எல்லாம் வேதியியல்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்று தூத்துக்குடி பக்கம் ஓர் அளத்துக்குப் போனேன். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. அங்கே பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து இறைக்கும் உப்புநீரையே பாய்ச்சுகிறார்கள்; கடல்நீரைவிட அது கெட்டி. ஓர் அம்மா வாருபலகையை நீருக்கடியில் செலுத்தி இழுத்தார். இழுத்த இழுப்பில் உப்பு கரையோரம் சுருண்டு வந்து நின்றது. காலில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். இத்தனை டிகிரியில் வாருகிறீர்களா என்று நான் கையேட்டுப் புலமையைக் காட்டினேன். அவர் குனிந்து பாத்தி நீரில் இரண்டு விரலை நனைத்து, பெருவிரலோடு தேய்த்து, "வழவழங்குது பாத்தீங்களா அய்யா, இன்னிக்கு விட்டா கெட்டுப் போயிரும்" என்றார். மானி அவர் விரலில் இருந்தது. கையேட்டில் அந்த விரலுக்கு ஒரு வரிகூட இல்லை. கையேடு வெளியே நிறுத்தியது அவரைத்தான்.

4. வரலாறு, பயணம்

ராய் மாக்ஸமின் நூல் 2001இல் ஆங்கிலத்தில் வந்தது. சிறில் அலெக்ஸ் உப்பு வேலி என்று தமிழாக்கியிருக்கிறார். மாக்ஸம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். லண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நூல்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பணியில் இருந்தவர். எங்கள் சாதி என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கிய ஒரு நூலின் அடிக்குறிப்பு, உப்பு வரி வசூலுக்காக வெள்ளையர் இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலி வளர்த்ததாகச் சொன்னது. ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிய மனிதர் அவர்.

சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீளச் சுங்கக் கோடு. அதைக் காக்கச் சுமார் 12,000 ஆட்கள். அதன் பெரும்பகுதியில் முள்மரமும் சப்பாத்தியும் சேர்ந்த வேலி. 1879இல் கைவிட்டார்கள். அந்த வேலியை உயிர்வேலியாக வளர்க்கப் பாடுபட்ட சுங்க ஆணையர்களில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே ஹியூம். மாக்ஸம் வரைபடங்களோடும் கையில் ஜிபிஎஸ் கருவியோடும் மீண்டும் மீண்டும் வந்து, கடைசியில் 1998இல் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் சகர்நகர் அருகே எஞ்சிய மேட்டைக் கண்டுபிடிக்கிறார். யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட பகுதி அது. சம்பல் பக்கம் நம் ராஜம் கிருஷ்ணன் கொள்ளையர்களைத் தேடிப் போயிருந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால். இருவர் நூல்களும் எங்கள் நூலகத்தில் எதிரெதிர்ச் சுவரில் இருந்தன. ஒருவரைப் பற்றி இன்னொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இந்த நூலின் நேர்மை எனக்குப் பிடித்தது. வெள்ளைக்காரர்களின் வேடிக்கையான ஒரு கிறுக்குத்தனத்தைப் பற்றி எழுதலாம் என்று தொடங்கியவர், தேடத் தேட அது வறியவர்களின் உடம்பிலிருந்து உப்பைப் பறித்த இயந்திரம் என்று கண்டு தொனியை மாற்றிக்கொள்கிறார். அந்த மாற்றத்தை மறைக்கவும் இல்லை. உப்புக் குறைந்தால் உடல் என்ன ஆகும் என்ற மருத்துவப் பகுதியை, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட நான் சற்று நடுக்கத்தோடுதான் படித்தேன்.

வெளியே நிற்பது, பெரும்பாலும், நாம்தான். வேலி தெற்கே வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். இங்கே வேலி போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அளமே அரசின் பிடியில் இருந்தது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த ஏகபோகத்தை மீறத்தான். மாக்ஸமின் வேலியையும் வேதாரண்யத்து மணலையும் ஒரே நூலில் சேர்த்து எழுதும் தமிழ் வரலாற்றாசிரியருக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

5. பண்பாட்டுக் கட்டுரை

தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம் 1997இல் வந்தது. அதில் உப்பைப் பற்றிய கட்டுரை சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கத்தில் புதுமனை புகும்போது முதலில் எடுத்துச் செல்லும் பொருளாகவும், சாவுச் சடங்கில் விலக்கப்படும் பொருளாகவும் உப்பு வந்துவிடுகிறது. உப்பு என்பதற்குச் சுவை என்பதே முதற்பொருள், அதனால்தான் இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் அந்த ஒலியில் முடிகின்றன என்கிறார். சம்பாவும் அளத்து உப்பும் கூலியாகத் தந்ததால் வந்தது சம்பளம் என்கிறார்.

இந்தச் சொல்லாராய்ச்சியில் எனக்குத் தயக்கம் உண்டு. வழிச்சோறு என்று பொருள்படும் வடசொல்லோடு சம்பளத்தைப் பொருத்துவோரும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனால் தொ.ப.வின் கட்டுரை நிற்பது சொற்பிறப்பில் அன்று. நம் வீட்டு அடுப்பங்கரையில், கைக்கெட்டும் தூரத்தில், தினமும் கை வைக்கிற ஜாடியை அவர் வரலாற்று ஆவணமாகப் பார்க்கச் சொல்கிறார். அது போதும். அவரைப் படித்த பிறகு என் மனைவி உப்பு ஜாடியைக் காலியாக விடாமல் நிரப்பி வைப்பதை நான் கேலி செய்வதில்லை.

வெளியே நிற்பவர் இங்கும் அளத்துக்காரர்தான். கட்டுரை உப்பை வீட்டு வாசலில் சந்திக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் பாட்டும் கட்டுரையும் ஒரே இடத்தில் நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இனி எங்கள் துறைக்கு ஒரு வார்த்தை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது அவருக்குக் கோலன் பகுப்பின் கரு கிடைத்தது. அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் வருகின்றன அல்லவா? அதுபோல ஒரு நூலுக்கு ஒரே முகம் என்று கொள்ளாமல், பல முகங்களைப் பூட்டி எண் அமைக்கலாம் என்றார். கோலன் பகுப்பு 1933இல் நூலாக வந்தது. எண் எவ்வளவு நீளமானாலும் புத்தகம் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்பது வேறு விஷயம். அந்தக் குறையை அட்டைப் பட்டியலில் பொருட்குறிப்பு எழுதி ஓரளவு சரிசெய்தோம். நானே 'உப்பு' என்று ஓர் அட்டை எழுதியிருந்தால், இந்த ஐந்தில் நான்கு நூல்களாவது எப்போதோ ஒரே இழுப்பறையில் சந்தித்திருக்கும். எழுதவில்லை. நாவலுக்கு யாராவது பொருட்குறிப்பு எழுதுவார்களா என்று இருந்துவிட்டேன்.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விடுமுறையில் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பனை, நூல், மண்ணெண்ணெய், கிணறு, எதுவானாலும் சரி. அதற்குக் குறைந்தது நான்கு அலமாரிகளில் நூல் தேடுங்கள். அதில் ஒன்றாவது உங்களுக்குப் பழக்கமில்லாத வகையாக இருக்கட்டும். புரியாத கையேடாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் பேசிய ஐந்து நூல்களையும் வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள். கையேட்டை மட்டும் மெதுவாகப் பிரியுங்கள், தையல் விட்டிருக்கிறது. அதன் பெயர் தெரிந்தவர் யாராவது இருந்தால் போகுமுன் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.